ராசாத்திக்கு ஊற்றிய சுருட்டுத் தண்ணீர்

விக்னராஜா செவன் ஹில்ஸ் புறநகரிலுள்ள கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். லைசென்ஸ் எடுத்துப் பதினொரு வருடங்களாக ஒரு மலைப்பாம்பை வளர்த்துவந்தார். பெயர் ராசாத்தி. வென்ட்வேர்த்வில் வீட்டில், அவரே அறுத்துப் பொருத்திய, கண்ணாடி முகப்பு வைத்த பலகைப் பெட்டிக்குள் அவள் சுருண்டு கிடப்பாள்.

"என்னை ஒருநாளாவது ராசாத்தி எண்டு கூப்பிட்டிருப்பியளே?" என்பாள் மனைவி கமலினி.

"நீ கடிப்பாய். அவள் கடிக்கமாட்டாள்."

சென்ற மார்ச்சில், பாம்பு வளர்க்கும் ஒருவரிடமிருந்து பழைய மரக்குற்றியொன்றை வாங்கிவந்து பெட்டிக்குள் வைத்தார். இரண்டே வாரம். ராசாத்தி தண்ணீர்ச் சட்டியை விட்டு எழும்பவில்லை. கண்ணைச் சுற்றிக் கசகசா அளவில் கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் நடந்தன. உண்ணிகள்! செதிலுக்கடியில் தலையைப் புதைத்து இரத்தம் குடித்தன. ஒவ்வொன்றாகப் பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்கினார், விரல்கள் சிவந்தன. விடிந்தால் அதேயளவு திரும்ப நின்றன. பாம்பு மெலிந்துகொண்டே போயிற்று. செத்துவிடுவாளோ என்று அவருக்கு நித்திரை இல்லை.

உண்ணிக்கென்று கடையில் விற்கும் ஸ்பிரேயை அவர் தொடவில்லை. நஞ்சாம். ஞாயிறு காலை, சிநேகிதன் அருந்தவன் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த சுருட்டுகளில் எட்டை வாளியில் ஊறப்போட்டுப் பிழிந்தார்.

"உதென்னப்பா நாத்தம்?"

"புகையிலைத் தண்ணி. தோட்டத்தில புழுவுக்கு அடிக்கிறனாங்கள்தானே?"

"பாம்பென்ன மிளகாய்க் கண்டே?"

"இது இலை, கமலி. கெமிக்கல் இல்லை."

குளியல் தொட்டியில் ராசாத்தியைக் கிடத்தி, தலையிலிருந்து வாளியைச் சரித்தார். உண்ணிகள் கொத்தாக உதிர்ந்து மிதந்தன. அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு முடியுமுன் பாம்பு துடித்தெழுந்தது. உடம்பு முறுகித் தொட்டியின் சுவரில் அடித்தது. சாம்பூப் போத்தல்கள் பறந்தன. அகலத் திறந்த வாய் அவர் மணிக்கட்டைக் கவ்வியது. முழங்கைவரை சுற்றி இறுக்கியது. இரத்தம் பழுப்புத் தண்ணீரில் வழிந்தது.

"இழுக்காதேங்கோ!" கமலினி கத்திக்கொண்டு ஷவரைத் திறந்தாள். "கழுவுங்கோ, முதல்ல அவளைக் கழுவுங்கோ!"

தண்ணீர் ஓட ஓடப் பிடி தளர்ந்தது. ஆனால் அது அவளாய் விட்ட பிடியல்ல, சோர்ந்து விழுந்த பிடி. வாய் திறந்தபடியே ராசாத்தி ஈரக்கயிறாய்த் தொங்கினாள். விக்னராஜா தொட்டி விளிம்பில் வாந்தி எடுத்தார்.

மிருக வைத்தியர் அவளை உள்ளே வாங்கிக்கொண்டார். புகையிலையின் நஞ்சு தோலாலும் வாயாலும் இறங்கியிருக்கிறது என்றார். ஸ்பிரேயைப் பாம்பில்லாத பெட்டிக்குள் அளவாக அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன் பிறகே பாம்பை விடுவார்களாம். கீழே விரிக்க வெறும் கடதாசி. மரச்சாமானெல்லாம் குப்பைக்கு, உண்ணி முட்டைகள் பொருத்துகளுக்குள் இருக்கும்.

கட்டுப்போட்ட கையோடு வீட்டுக்கு வந்தவர் பெட்டியைப் பின்வளவுக்கு இழுத்துப்போய்க் கோடரியால் கொத்தினார். கண்ணாடி சிதறியது. பொருத்துப் பிளக்கப் பிளக்க உள்ளேயிருந்து உண்ணிகள் கொட்டின. கொதிநீரை ஊற்றினார். திரும்பக் கொத்தினார். கட்டுக்கு மேலால் இரத்தம் கசிந்தது.

கமலினி வைத்தியரிடமிருந்து வந்த ஃபோனைக் காதில் வைத்தபடி வாசலில் நின்றாள். "ஓகே… தாங்க்யூ," என்றாள். பிறகு ஓடிவந்து கோடரிப் பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"விடுங்கோப்பா. இனி ஆருக்கு உந்தப் பெட்டி?"

அவர் அவள் கையை உதறிவிட்டு, மிச்சமிருந்த மூலையையும் கொத்தினார்.