அடைப்பு நட்சத்திரம்

அறுபதுகளின் தொடக்கத்தில் குற்றாலத்துச் சாரலுக்கு நான் தங்கிய விடுதியின் முதலாளி, நெற்றி நிறையத் திருநீறு பூசிய குண்டு மனிதர். பஞ்சாங்கம் பார்க்காமல் பெட்டிச் சாவியைக்கூடத் தொடமாட்டார்.

ஒரு நாள் காலையில் பக்கத்து அறைக் கிழவருக்கு மூச்சு முட்டியது. மகன் டாக்டரை அழைத்துவரத் தென்காசிக்கு ஓடினான். அவன் தலை மறைந்ததும் முதலாளி இரண்டு ஆட்களோடு வந்து, கிழவரைக் கட்டிலோடு தூக்கச் சொன்னார்.

"அண்ணாச்சி, உயிரு இருக்கே! எங்கன கொண்டு போறிய?" என்றேன்.

"உயிரு இருக்கதுனாலதான் தூக்குதோம். இன்னைக்கு அவிட்டம்லா? உள்ள செத்தா ஆறு மாசம் ரூம அடைச்சுப் போடணும். சீசனே போயிருமே!"

குறுக்கே நின்றேன். ஆட்கள் என்னைத் தள்ளிவிட்டு, ஒழுகுகிற விறகுக் கொட்டகையில் கட்டிலை இறக்கினார்கள். நான் குடை பிடித்தும் கிழவர் நனைந்தார். டாக்டர் வருமுன் போய்விட்டார்.

டாக்டரோடு திரும்பிய கிழவரின் மகனை முதலாளி கட்டிக்கொண்டு தேம்பி அழுதார். சாயங்காலம் நல்ல நேரம் பார்த்து, அந்த அறையைப் புதுத் தம்பதிக்குத் திறந்துவிட்டார்.

அவர் அழுதது நடிப்பாக இருந்திருந்தால் காறித் துப்பிவிட்டு மறந்திருப்பேன். மனிதர் உண்மையாகவே அழுதார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் குமட்டுகிறது.