ஸ்பீக்கருக்கு மாட்டாத வளையம்

எங்கள் வீட்டு ஸ்பீக்கரில் பாட்டுக்கு நடுவே பக்கத்து வீட்டுக்காரரின் குரல் புகுந்துவிடும். அவர் படகு முதலாளி. மாடியில் ஆன்டெனா வைத்து, கடலில் இருப்பவர்களோடு வயர்லெஸ்ஸில் பேசுவார். அவர் பேசுவது மட்டும்தான் கேட்கும்; படகிலிருந்து வரும் பதில் கேட்காது. என் கணவர் சேவியரும் அந்தப் படகில்தான் வேலை பார்த்தார்.

தொல்லை தாங்காமல் மெக்கானிக்கை வரவழைத்தேன். "வயர்ல இந்தக் காந்த வளையத்த மாட்டிட்டா சத்தம் வராதுக்கா" என்று அவர் பையைத் திறந்தபோதே முதலாளியின் குரல் வந்தது.

"சேவியர் கையா வலை இழுக்குற வின்ச்சுல மாட்டிச்சு? ரெண்டு வெரலுதானல, துணியச் சுத்திக் கட்டு. வலைய முழுசா ஏத்திட்டு வாங்க. அவன் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது."

முதலாளி வீட்டு வாசலுக்கு ஓடினேன். "உம் மாப்பிள்ள சொகமா இருக்கான், ஏளா" என்று சிரித்தார்.

"அண்ணாச்சி, நீங்க பேசுனது பூரா என் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. படகத் திருப்பச் சொல்லுங்க."

சிரிப்பு நின்றது. "பாதி வலையோடயா வரச் சொல்லுத?" என்றார். தெருவே கூடிய பிறகுதான் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார்.

விரல்கள் போயின. இன்னும் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும் என்றார் டாக்டர். முதலாளி வேறு ஆளை ஏற்றிக்கொண்டார்.

வளையத்தை நான் மாட்டவே இல்லை. படகு கடலில் இருக்கும்வரை ஸ்பீக்கரை அணைப்பதும் இல்லை. அந்தப் புது ஆளின் மனைவி காலையிலேயே வந்து அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறாள்.

"பாட்டு மட்டும் போடாதீயக்கா" என்கிறாள்.