ஓசெல்லா போட்ட அலறல்

ஓசெல்லா ப்ரூயிட் பாடகி அல்ல. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் அவள் போகும் தேவாலயத்துப் பாட்டுக் குழுவிலேயே, "நீ வாய மட்டும் அசை, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். பழைய மளிகைக் கடை ஒன்றில் நடந்துவந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோவதுதான் அவள் பிழைப்பு.

அந்தக் கோடையில் இரண்டு வெள்ளைப் போலீஸ்காரர்கள் அடித்த அடியில் பக்கத்து வீட்டு லோனிக்கு ஒரு கண் போயிற்று. கேட்க நாதியில்லை. கிளீவன் என்ற பாடகன் அதை 'சோல்' என்று கறுப்பின மக்கள் உருகிப் பாடும் பாட்டாகக் கட்டினான்: 'மீதிக் கண்ணால பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.' பாட்டின் நடுவே ஓர் அலறல் வேண்டும். கிளீவனுக்கோ தேன் குரல். அவன் அலறினால் யாரோ ஐஸ்கிரீம் கேட்பதுபோல் இருந்தது.

அவன் ஓய்ந்துபோய் உட்கார்ந்த நேரம் ஓசெல்லா பொரித்த மீனோடு உள்ளே வந்தாள். ஆர்கன் என்ற கனத்த வாத்தியப் பெட்டியை நகர்த்திக்கொண்டிருந்த டிரம்மர் தவறிப்போய் அதை அவள் கால் பெருவிரலில் இறக்கினான். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போட்ட அலறலை வெட்டிப் பாட்டில் ஒட்டிவிட்டார்கள்.

ரெக்கார்டு ஊரை உலுக்கியது. முடிதிருத்தும் கடைகளில் அந்த இடம் வந்ததும் பெரியவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

"நம்ம ஜனத்தோட மொத்த வேதனையும் அதுல இருக்கு" என்றார் பாதிரியார்.

"அது என் கால் விரலுங்க, ஐயா."

"அடக்கத்தப் பாருங்க!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நகர மன்றத்தின் முன்னால் கண்டனக் கூட்டம் ஏற்பாடாயிற்று. கிளீவன் கெஞ்சினான்: "அக்கா, நீ வரலன்னா ஜனம் என்னை அலறச் சொல்லும்."

மேடையேறி வாயைத் திறந்தால் அவளுக்கு அலறல் வரவில்லை. டிரம்மர் குனிந்து, "வேணும்னா மிதிக்கட்டுமா?" என்றான்.

"மிதிச்சுப் பாரு, கால ஒடிக்கிறேன்."

அப்போதுதான் முன்வரிசையில் லோனியைப் பார்த்தாள். கண்ணில் கட்டு. தடியோடு நின்ற ஒரு போலீஸ்காரன் அந்தக் கட்டைக் காட்டிப் பக்கத்திலிருந்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். ஓசெல்லாவுக்கு அடிவயிற்றிலிருந்து அலறல் கிளம்பியது. மைக் தேவைப்படவில்லை. சிரித்தவன் கையிலிருந்து தடி நழுவியது. கூட்டம் மொத்தமும் பதிலுக்கு அலறிவிட்டுப் பாட்டைத் தானே பாட ஆரம்பித்தது. கிளீவன் கடைசிவரை வாயே திறக்கவில்லை.

மறுநாள் அவளுக்குக் குரல் எழும்பவில்லை. லோனி எலுமிச்சைத் தேநீரோடு வந்தான். "அத்தை, அவனுங்க ஒரு கண்ணத்தான் எடுத்தானுங்க. நீ என் ரெண்டு காதையும் எடுத்துட்டியே!" அவள் சத்தமில்லாமல் சிரித்துச் சிரித்து விக்கினாள்.

பனிக்காலத்தில், லோனியை அடித்த அந்தப் போலீஸ்காரர்கள் இருவருக்கும் வேலை போயிற்று. சேதியைச் சொன்னவனும் லோனிதான்.

"ஜெயில்?"

"அதெல்லாம் இல்லையாம், அத்தை."

ஓசெல்லா அடுப்பை அணைத்தாள். "அப்ப இன்னொரு கூட்டம் போடச் சொல்லு. தொண்டை சும்மாத்தான் கெடக்கு."