டெய்லரக்காவின் கச்சிதமான ஷூ

தெருவில் எல்லாருக்கும் அவள் டெய்லரக்கா. அவள் தைத்த சட்டை உடம்போடு பிறந்த மாதிரி இருக்கும் என்று பேர். யாராவது தொளதொளவென்று உடுத்தி எதிரில் வந்தால் அவளுக்குக் கை துறுதுறுக்கும். முன்பின் தெரியாத ஆளானாலும் இடுப்பில் ஒரு பிடி பிடித்துவிடலாமா என்று பார்ப்பாள்.

அவள் புருஷன் வேன் ஓட்டுகிறவர். போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரியில் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். தினமும் காலையில் நடங்கள், உடம்பு தேறத் தேற மெதுவாக ஓடுங்கள் என்றார் டாக்டர். மனுஷன் அடுத்த தெருவுக்கே வேனில் போகிற ரகம். அவளும் கூட வந்தால்தான் நடப்பேன் என்று ஒரே பிடியாக நின்றார். மெஷினை விட்டு அவள் எங்கே வரப்போகிறாள் என்பது அவர் போட்ட கணக்கு. அவள் விடுவாளா? விடிந்ததும் விடியாததுமாகப் போர்வையை உருவினாள்.

"நெஞ்சு உங்களுது, நடை மட்டும் என்னுதா? எழுந்திருங்க!"

தேய்ந்த செருப்போடு மைதானத்தைச் சுற்றியதில் அவளுக்குக் குதிகால் வலி எடுத்தது. ஒருநாள் காலையில், வேலையைத் தொடங்குமுன், தனியாக ஷூ கடைக்குப் போனாள். கடைக்காரர் ஒரு அளவு பெரியதை நீட்டினார்.

"முன்னாடி கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேணும்மா. நடக்க நடக்கக் கால் கொஞ்சம் வீங்கும். சாக்ஸ் வேற போடுவீங்க."

"அளவைப் பத்தி எனக்கே பாடமா? இது தொளதொளன்னு இருக்கு. அந்தச் சின்னதைக் குடுங்க."

கச்சிதமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்து, தானே தைத்தது போலப் பெருமைப்பட்டாள்.

அந்தப் பெருமைக்கு ஆயுசு கம்மி. ஓட ஆரம்பித்ததும் விரல்கள் முன்பக்கம் போய் இடித்தன. பெருவிரல் நகம் கறுத்தது. புருஷனிடம் அவள் மூச்சு விடவில்லை. வலிக்கிறது என்றால் போதும், 'ஐயோ பாவம், நமக்கு எதுக்கு இதெல்லாம்' என்று அவர் போர்வைக்குள் போய்விடுவார். அப்புறம் இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார அவளுக்குத் தெம்பில்லை. அவர் போய்விடுவாரோ என்ற பயம்தான் அவளை ஓடவைத்தது.

ஒருநாள் வாசற்படியில் ஷூவைக் கழற்றும்போது, தண்ணீர்ச் செம்போடு வந்தவர் சாக்ஸில் இருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டார். ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தார், கீழே வைத்தார், உள்ளே போனார். நடக்காமலிருக்க அவர் தேடிய சாக்கு தானாக வந்து மடியில் விழுந்துவிட்டதே என்று அவளுக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் வாசலில் வேன் வந்து நின்றது.

"சாக்ஸை எடுத்துக்கிட்டு ஏறு."

அதே கடைக்காரர் இப்போது ஒரு அளவு பெரிய ஷூவை எடுத்து வளைத்துக் காட்டினார். "விரல் மடங்குற எடத்துல வளையணும். நடுவுல மடிஞ்சா அது ஷூ இல்ல, கைக்குட்டை. குதிகாலைக் கெட்டியாப் பிடிக்கணும், விரலை விட்டுடணும்."

கீழே விழுந்த துண்டைக்கூடக் குனிந்து எடுக்காத புருஷன், எல்லார் முன்னாலும் அவள் காலடியில் உட்கார்ந்து கயிறு கட்டினார். ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"தொளதொளன்னு..." என்று அவள் இழுத்தாள்.

"ஊரு பிள்ளைங்களுக்கெல்லாம் வளரட்டும்னு உள்ள துணி விட்டுத் தைக்கிற. உனக்கு ஒரு விரல் எடம் விட்டா என்ன குறைஞ்சு போச்சு?"

அவள் எழுந்து நடந்து பார்த்தாள். வலிக்கவில்லை.

புண் ஆறும்வரை அவர் தனியாகத்தான் போய்வந்தார். திட்ட ஆளில்லாமல் நடையே போரடிக்கிறது என்று திரும்பி வந்து புலம்புவார். ஆறின பிறகும் அவள் ஒருநாள் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். இந்த மனுஷன் என்னதான் செய்கிறார், பார்ப்போமே.

போர்வை சர்ரென்று உருவப்பட்டது.

"கால் உன்னுது, நடை மட்டும் என்னுதா? எழுந்திரு!"