அம்மா ஆண்டவரோடு பேசாமல் இருந்தபோது

என் அம்மா ஒருமுறை ஆண்டவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். ஏதோ ஒருநாள் முறுக்கிக்கொண்டு மறுநாள் சரியாகிப்போன கோபம் இல்லை. ஐப்பசியில் ஆரம்பித்து மாசி வரைக்கும் நீண்ட, ஊரறிந்த சண்டை. இரண்டு பேருக்கும் நடுவில் தூது போகிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

பரளச்சிக்குத் தெற்கே, வானத்தை நம்பி விதைக்கிற ஊர் எங்களுடையது. அப்பா வழியில் நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். அம்மா பிறந்த வீடு நரிக்குடிப் பக்கம். அவர்கள் குலசாமி கும்பிடுகிறவர்கள். சொந்தத்துக்குள் கல்யாணம் என்பதால் இதை வைத்து யாரும் பெரிதாகத் தகராறு செய்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பே அம்மா ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொண்ட பிறகு, பரம்பரை வேதக்காரரான அப்பாவைவிட அவள்தான் அதில் மும்முரமாக இருந்தாள். அப்பா ஜெபம் பண்ணினால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும். ஆனால் பாதியில் கொட்டாவி வந்துவிடும். அம்மா வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள், லேசில் முடிக்க மாட்டாள். பக்கத்தில் முழங்காலிட்டிருக்கும் எனக்குக் கால் மரத்துப்போகும்.

அந்த வருஷம் முதல் மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் போட்டோம். முளைத்த பிறகு வர வேண்டிய மழை பரளச்சியில் கொட்டித் தீர்த்தது. எங்கள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. அம்மா அதைப் பொறுத்துக்கொண்டாள். அடுத்ததாக எங்கள் சினைமாடு வயிறு உப்பிப் படுத்தது. அம்மா பட்டினி கிடந்து ஜெபித்தாள். சபையை நடத்துகிற உபதேசியாரும் வந்து மாட்டின் நெற்றியில் கை வைத்து உருக்கமாக ஜெபித்தார். மாடு அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தது, பிறகு செத்துப்போனது.

அம்மா மாட்டின் முதுகைத் தடவித் தடவி அழுதாள். அப்புறம் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னைப் பார்த்து, "ஒங்க ஆண்டவருக்கும் எனக்கும் இனிமே பேச்சு கெடையாது" என்றாள்.

"ஒங்க ஆண்டவரு" என்றதுமே இது லேசில் தீராத சண்டை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவோடு சண்டை வந்தாலும் அம்மா இப்படித்தான். "அவுக" என்று சொல்லுகிற வாய் "ஒங்கப்பா" என்று மாறிவிடும். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். "ஒங்கப்பாவக் கஞ்சி குடிக்க வரச் சொல்லு" என்பாள் என்னிடம். "வாரேன்னு சொல்லு" என்பார் அப்பா. நான் நடுவில் நின்றுகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

ஆண்டவர் விஷயத்திலும் அதே முறைதான். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வரமாட்டாள். சாயங்காலம் விளக்கேற்றி நானும் அப்பாவும் குடும்ப ஜெபத்துக்கு முழங்காலிட்டால், அவள் அடுப்படியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவாள். ஆனால் ஜெபத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சேதி சொல்லி அனுப்புவாள்.

"கெணத்துல தண்ணி அடியத் தொட்டுருச்சுன்னு சொல்லு. ஒங்கப்பாவுக்கு இருமல் நிக்கல, அதையாச்சும் பாக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லிறாத."

நான் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆண்டவரே, கிணற்றில் தண்ணீர் இல்லை. இதை யார் சொன்னதென்று கேளாதேயும்" என்று ஜெபிப்பேன். அப்பா பக்கத்தில் இருமுவது போலச் சிரிப்பார்.

பிடியரிசியையும் அவள் நிறுத்தவில்லை. எங்கள் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று தனிப்பானையில் எடுத்துப் போடுவார்கள். சேர்ந்ததும் அது கோயிலுக்குப் போகும். எங்கள் வீட்டில் அரிசியைக் கண்ணால் பார்த்தே ரொம்ப நாளாகியிருந்தது. குதிரைவாலிக் கஞ்சிதான், அதுவும் ஒருவேளைக்கு. அப்படியிருந்தும் அந்தக் குதிரைவாலியில் ஒரு பிடியை அள்ளிப் போட்டாள். "பேச மாட்டேன்னியே?" என்று கேட்டேன். "பேச்சு வேற, சோறு வேற" என்றாள். சண்டை நாட்களில் அப்பாவுக்கும் கஞ்சி தவறியதில்லை, வட்டிலை வைக்கிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கும். பானையில் தானியம் விழுகிற சத்தமும் அந்த மாதங்களில் பலமாகத்தான் கேட்டது.

மாசி பிறந்ததும் மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். விடியுமுன்னே புறப்பட்டு, ஒரு பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தார். வேப்பமரத்தில் மாட்டைக் கட்டியதும் நான் ஓடிப்போய்க் கன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். அதன் வாயில் பால் வாசனை அடித்தது. பள்ளிக்கூடத்து மக்காச்சோள உப்புமா தவிர வேறு எந்த வாசனையும் மறந்துபோயிருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமா நல்ல மனிதர். தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார். "மாடு ஒனக்குத்தான் தங்கச்சி. அய்யா ஒரே ஒரு வார்த்ததான் சொல்லி விட்டாரு. இந்த வருசம் களரிக்குக் குடும்பத்தோட வந்து நம்ம சாமிக்குப் பொங்க வச்சு, பிள்ளைக்கு மொட்டையும் எடுத்துட்டுப் போகணும். நீதான் அந்த ஆண்டவரோட பேசுறதே இல்லைன்னு ஊரே சொல்லுதே, பெறகென்ன?"

அய்யா என்றது எங்கள் தாத்தாவை. களரி என்பது அவர்கள் குலசாமிக்கு மாசியில் நடக்கிற கொண்டாட்டம். அந்தச் சொல்லைக் கேட்டதும் வளையல் கடையும் கிடாக்கறியும் கண்முன் வந்து, போனால்தான் என்ன என்று எனக்குத் தோன்றியது. மொட்டை என்ற சொல் காதில் ஏறிய பிறகு என் விசுவாசம் உறுதிப்பட்டது.

ஆடிப்போனவர் அப்பாதான். மாட்டின் மடியைப் பார்த்தார். எலும்பு துருத்திய என் தோளைப் பார்த்தார். "சும்மா போயி நின்னுட்டு வந்தா என்ன? மனசுக்குள்ள நம்ம ஆண்டவரத்தான நெனைக்கப் போறோம்" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. இன்று நினைத்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாசலில் பால்மாடும் வீட்டில் வற்றிப்போன பிள்ளையுமாக நிற்கிற மனிதர் வேறு எப்படிப் பேசுவார்?

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவிடம்தான் பேசினாள்.

"அண்ணே, நம்ம வீட்டுச் சாமிய நான் கொறையாச் சொல்லல. அந்தக் கோயில் வாசல்ல வெளையாண்டு வளந்தவதான் நானும். ஒன்னே ஒன்னு கேக்குறேன். இவுககூடச் சண்ட போட்டுட்டு நான் மாசக்கணக்குல பேசாம இருந்துருக்கேன். அந்த நேரம் பாத்து, வேற நல்ல வீடு இருக்கு, மாடு கன்னெல்லாம் இருக்கு, வாறியான்னு எவனாச்சும் கூப்பிட்டா, நீ என்னைய அனுப்பி வச்சிருப்பியா?"

"என்ன பேச்சு தங்கச்சி பேசுற" என்றார் மாமா.

"சண்ட இந்த வீட்டுல வந்துச்சு. தீந்தாலும் தீராட்டியும் இந்த வீட்டுலதான்."

மாமா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "பாவம் ஒங்க ஆண்டவரு. ஒங்கிட்ட நல்லா மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து மாட்டை அவிழ்த்தார். வாளியில் இருந்த கொஞ்சம் தண்ணீரையும் அம்மா மாட்டுக்குக் காட்டி, அது குடித்து முடிக்கிற வரை கழுத்தைச் சொறிந்துகொடுத்தாள். கன்று தாயை உரசிக்கொண்டு கண்மாய்க்கரை வழியாகப் போய் மறைந்தது. நான் புழுதியில் உருண்டு அழுதேன்.

"ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்றாள் அம்மா என்னைத் தூக்கி நிறுத்தியபடி, "ஊரு கேக்க ஜெபம் பண்ணுனா மட்டும் பத்தாதுன்னு." ஆக, அன்றிலிருந்து எனக்கு இரண்டு இடத்துத் தூது.

அன்று சாயங்காலம் ஜெபத்தில் அப்பாவுக்கு வாய் எழும்பவில்லை. "நீயே பண்ணு பாப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டார். நான் ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, மாமா மாடு கொண்டுவந்தார். அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டாள்."

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "வேண்டாம்னு எங்க சொன்னேன்? வேணும் வேணும்னுதான் மனசு கெடந்து அடிச்சுச்சு. அதச் சொல்லு!"

"வேணும் வேணும்னுதான் அடித்ததாம், ஆண்டவரே."

"பிள்ள ஏங்கிப் போயிருக்கான்னு சொல்லு."

"நான் ஏங்கிப் போயிருக்கிறேனாம்."

"அப்படி இல்ல, ஒழுங்காச் சொல்லு!" கையில் அகப்பையோடு அம்மா கிட்டே வந்துவிட்டாள். "இந்த வீட்டுல பால் வாசனை அடிச்சு எத்தன நாளாச்சு, அது அங்க தெரியுதா இல்லையான்னு கேளு. போக்கெடம் இல்லாமத்தான் இங்க கெடக்கேன்னு நெனச்சிராதீக. போக்கெடம் வாசல்லயே வந்து நின்னுச்சு. நாந்தான் போகல. எம்பிள்ளையோட வயித்துல அடிச்சுட்டுத்தான் போகாம இருந்தேன். அத நீங்க பாத்தீகளா? பாத்துட்டுச் சும்மாவா இருக்கீக?"

எனக்கு இதில் எதைத் திருப்பிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அம்மா முழங்காலில் இருந்தாள். அகப்பையிலிருந்து கஞ்சி அவள் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவே இல்லை. அப்பா துண்டை முகத்தில் வைத்து அழுதுகொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து மூன்று பேரும் ஆமென் சொன்னபோது கஞ்சி அடிப்பிடித்துப்போயிருந்தது.

"அப்ப சண்ட தீந்துருச்சாம்மா?" என்று கேட்டேன்.

"யாரு தீந்துச்சுன்னா? ஒனக்குச் சரியாச் சொல்லத் தெரியல. சொல்லிக் குடுத்தேன்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அதை அப்படியே நம்பினேன். அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்த பிறகும், சண்டை உள்ளுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது என்று பயந்தேன். அவள் தூங்கிய பிறகு போர்வைக்குள், "ஆண்டவரே, உம்மோடு பேசவில்லை என்பதற்காக எங்கள் அம்மாவைப் பரலோகத்தில் சேர்க்காமல் இருந்துவிடாதேயும்" என்று ரகசியமாகக் கெஞ்சுவேன். அந்த ஐப்பசி தொடங்கி மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் அவரோடு ஒருநாள் விடாமல் பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான் என்பதும், நானும் அப்பாவும் கண்ணை மட்டும்தான் மூடிக்கொண்டிருந்தோம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.