கரையேறும்போது ஓட்டியவர்

வேப்பங்குச்சியைக் கடித்துக் கூராக்கி, டயரின் வால்வுக்குள் வைத்து அழுத்துவார் என் மச்சான். காற்று சீறிக்கொண்டு வெளியேறும். காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். சத்தம் தணிந்ததும் குச்சியை எடுத்துவிட்டு, குதிகாலால் டயரை ஓர் உதை உதைப்பார். குதிகால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் அவர் கணக்கு. காற்றளக்கும் மீட்டர் பட்டறையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

ரோடில்லாத இடத்தில் ஜீப் ஓட்டும் பந்தயத்துக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் எந்த டயர் நல்லது, எந்த இன்ஜின் நல்லது என்று கேட்கிறார்கள். மச்சான் செய்ததை வைத்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஓட்டப்போகும் தடத்தை முதல் நாளே செருப்பில்லாமல் நடந்து பார்க்க வேண்டும். சேற்றில் டயருக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டும்; அகலமாகப் படிந்து, அமிழாமல் போகும். அதே டயரோடு கல்மேட்டில் வேகமாக ஏறினால் டயர் இரும்பு வளையத்தை விட்டுக் கழன்றுவிடும். சேற்றில் இறங்கிய பிறகு கியர் மாற்றக் கூடாது. கட்டைவிரலை ஸ்டீயரிங்குக்கு உள்ளே சுற்றிப் பிடிக்கக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் திருப்பி அடித்து விரலை ஒடிக்கும். இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். யார் பெயரில் ஓட்டப்போகிறோம் என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். எட்டாவதோடு பள்ளியை விட்டு, லாரி கிளீனர், செங்கல் சூளை, ஓட்டல் என்று பல ஊர் சுற்றிவிட்டு அம்பத்தூரில் அக்கா வீட்டில் வந்து விழுந்திருந்தேன். அக்கா புருஷனான மச்சான் ஒரு முதலாளியின் பட்டறையில் மெக்கானிக். ஆவடியில் ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்பைப் பிரித்துப்போட்டு, புதிதாகக் கட்டியவர் அவர்தான். கோடையில் செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் உள்வாங்கியதும், பட்டணத்துப் பணக்காரர்கள் சிலர் கூடி அங்கே பந்தயம் விடுவார்கள். பந்தயத் தாளில் ஓட்டுபவர் என்று முதலாளி பெயர் இருக்கும். மச்சான் பெயர் உதவியாள் என்ற இடத்தில்.

மதகருகே கூட்டம் பார்க்க முதலாளி வண்டியைக் கிளப்புவார். கரை வளைந்து கூட்டம் மறைந்ததும் ஒரு கருவேல மரத்தடியில் நிறுத்துவார். இருவரும் இடம் மாறுவார்கள். ஏரிக்குள் முழுக்க மச்சான்தான் ஓட்டுவார். திரும்பி அதே மரத்தடிக்கு வந்ததும் முதலாளி ஸ்டீயரிங்கை வாங்கிக்கொண்டு கரையேறுவார். யாராவது வந்தால் துண்டை வீசிக் காட்ட நான் அங்கே நிற்பேன்.

"ஏரி முழுக்க நீ ஓட்டுவே, ஜெயிச்ச மாலை மட்டும் அவருக்கா மச்சான்?" என்று ஒருமுறை சீண்டினேன்.

"மாலைய ஊட்டுக்கு எடுத்துகினு போனா உங்கக்கா இன்னா பண்ணுவா? ஆட்டுக்குப் போடுவா" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தவாட்டி ஜெயிச்சா அடுத்த வருசம் ஓட்டுறவன்னு என் பேரையே எழுதறேன்னு சொல்லிகிறார்டா" என்றார். அதை அந்த வாரத்தில் நாலு முறை சொல்லியிருப்பார்.

பந்தயத்துக்கு முன்பு மழை பெய்திருந்தது. மச்சான் வழக்கத்தைவிட அதிகமாகக் காற்றை இறக்கினார். ஏரிக்குள் மற்ற வண்டிகள் அமிழ்ந்து நிற்க, எங்கள் ஜீப்தான் முதலில் மரத்தடிக்குத் திரும்பியது.

இடம் மாறும்போது மச்சான் சொன்னது என் காதில் விழுந்தது. "காத்து ரொம்ப கம்மியா கீது சார். கரைல கல்லு. நட வேகத்துல ஏத்துங்க."

"எனக்குத் தெரியும்பா, உட்காரு."

பின்னால் தூரத்தில் இன்னொரு ஜீப்பின் சத்தம் கேட்டது. முதலாளி மிதித்தார். கூட்டத்தின் கண்ணில் படுமுன்பே, சரிவில் வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. சாய்ந்தால் பக்கத்து ஆள் மேட்டுப் பக்கம் உடம்பை வெளியே தள்ளி எடை கொடுக்க வேண்டும், அதுதான் வழக்கம். மச்சான் இடது கையால் ஜீப்பின் கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்தார். வலது டயர் கழன்று, இரும்பு வளையம் கல்லில் குத்தியது. ஜீப் ஒரு முழுச் சுற்று உருண்டது. முதலாளி சேற்றில் போய் விழுந்தார், முழங்கையில் சிராய்ப்பு. மச்சானின் இடது கை கம்பிக்கும் கல்லுக்கும் நடுவே இருந்தது.

ஆஸ்பத்திரியில் கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். மறுநாள் முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்து, கட்டிலருகே வெகுநேரம் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுப் போனார். மச்சான் என்னைக் கூப்பிட்டார். "அவருக்கு மயக்கம் வந்துது, என்கிட்ட வண்டியக் குடுத்துட்டார்னு சார் சொல்லப் போறார். கேட்டா நான்தான் ஓட்டினேன்னு சொல்லு."

"இன்னா மச்சான் இது? அநியாயமா கீதே."

"ஒத்தக் கைய வச்சிகினு எந்தப் பட்டறைக்கிடா போவேன்? அவர் கம்பெனி கேட்டுல உக்கார வேலை தரேன்றார். உங்கக்கா சோறு துண்ண வேணாமா?"

போலீஸ் ஏட்டு வந்தார். மச்சான் சொன்னதை எழுதிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "ஓட்டுறவன் உட்கார்றது வலது பக்கம். நசுங்கினது இடது கை. எப்படிய்யா?"

நான் ஒரே ஆள்தான் பார்த்தவன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது.

"உருண்டதுல அப்படி ஆயிட்சி சார்" என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அஜாக்கிரதையாக ஓட்டியதாக மச்சானுக்குக் கோர்ட்டில் அபராதம் போட்டார்கள். அடுத்த கோடையில் முதலாளி வேறு ஆளோடு பந்தயத்துக்குப் போனார். மச்சான் சாகும்வரை முதலாளியின் கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தார். நான் வேறு ஊர்களுக்குப் போய்விட்டேன். வரும்போதெல்லாம் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் அக்கா மகன் தன் ஜீப் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினான். கோர்ட்டுக் காகிதம். ஓட்டுநர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் மச்சானின் பெயர். எந்தப் பந்தயத் தாளும் அவருக்குக் கொடுக்காத இடம்.

"எங்கப்பா ரேஸ் ஓட்டினதுக்கு இது ஒண்ணுதான் ரெக்கார்டு" என்று பெருமையாகச் சொன்னான். பிறகு என்னிடம், "கடைசி வரைக்கும் அப்பாதானே ஓட்டினாரு மாமா? நீங்கதானே சாட்சி?" என்று கேட்டான்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆமாண்டா" என்றேன்.