இரண்டு அம்மாமாருக்கும் ஒரே தட்டு

நைவேத்தியத்துக்குச் சமைக்கிறவன் உப்புப் பார்க்கக் கூடாது. மணம் பிடிக்கவும் கூடாது. சுவாமிக்குப் படைத்து, திரை திறந்து, தீபம் காட்டி, பிரசாதமாகத் திரும்பி வந்த பிறகுதான் அன்றைய பொங்கல் புக்கையில் உப்பு இருக்கிறதா இல்லையா என்பது எனக்கே தெரியும். அப்போது தெரிந்து என்ன செய்வது? ஆண்டவன் சாப்பிட்டாகிவிட்டது. நாலு வருடம் இப்படித்தான் சமைத்தேன். எனக்குப் பிறவியிலேயே பொறுமை கிடையாது. வாய் வேறு நீளம். அந்த மடைப்பள்ளிதான் இவனுடைய வாயை அடக்கியது என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். அடக்கக் கூடாத இடத்தில் அடக்கியது அவர்களுக்குத் தெரியாது.

மடைப்பள்ளி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். நாங்கள் வந்து குடியேறிய ஸ்காபரோவில், கார் திருத்துகிற கடைக்கும் கதவு யன்னல் விற்கிற கடைக்கும் நடுவில் எடுத்த ஒரு யூனிட்தான் எங்கள் முருகன் கோயில். அதன் பின்பக்கத்தில் ஒரு மின்சார அடுப்பு, ஒரு சிங்க், சுவரில் ஒரு ரெலிபோன். கொஞ்சம் தாளித்தாலும் கூரையில் இருக்கிற அலாரம் கத்தும். நான் மல்வேர்னிலிருந்து காலையில் பஸ்ஸில் வந்து, காலைப் பூசைக்கும் மத்தியானப் பூசைக்கும் சமைத்துவிட்டு, மூன்று மணிக்குப் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன். காலையில் பொங்கல், மத்தியானம் சோறு, பருப்பு, நெய், வெள்ளிக்கிழமை என்றால் சர்க்கரைப் புக்கையும் மோதகமும். உலையில் முதல் பிடி அரிசியை ஐயர் போடுவார். மிச்சம் என் பாடு.

ஐயருக்கு என் வயதுதான், நாற்பது ஆகவில்லை. கோயில் ஸ்பொன்சர் பண்ணி எடுத்து ஒன்றரை வருடமாகியிருந்தது. அடுப்புக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தார். கார் இல்லை, சொந்தம் என்று யாரும் இல்லை. இந்தப் பெரிய நகரத்தில் அவருக்குத் தெரிந்த பாதை அந்த அறையிலிருந்து மூலஸ்தானம் வரைக்கும்தான். பிரசாதத்தை முதலில் அவர்தான் வாயில் வைப்பார். உப்புக் கூடினால், "இண்டைக்குக் கடல் கொஞ்சம் கிட்ட வந்திட்டுது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். மற்றவர்கள் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் சொன்னால் வராது.

யாழ்ப்பாணச் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து வெளிக்கிட்டு வன்னிக்குப் போனதற்கு அடுத்த வருடம் அது. என் அம்மா அங்கே. அவருடைய அம்மாவும் அங்கே. முதலில் கிளிநொச்சி என்றார்கள், பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் இன்னும் உள்ளே போய்விட்டார்கள் என்றார்கள். கடிதம் வந்தால் வரும். ரெலிபோன் கிடையவே கிடையாது. யாராவது வவுனியா வந்து, கொழும்புக்குச் சொல்லி, கொழும்பிலிருந்து எங்களுக்குச் சொன்னால்தான் உண்டு. ஐயர் கோயில் நம்பரைத்தான் கொடுத்திருந்தார். அந்த ரெலிபோன் என் தலைக்கு மேலே தொங்கியது. ஒவ்வொரு மத்தியானமும் பூசைக்குப் போகும் முன் கேட்பார்.

"கோல் ஏதும் வந்ததோ?"

"இல்லை ஐயா."

மத்தியானப் பூசை முடிந்து சனம் கலைந்த பிறகு ஒரு அர்ச்சனை செய்வார். தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், பூ வைத்த தட்டை நான்தான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பேன். தன் அம்மாவின் நட்சத்திரத்தைச் சொல்லி, பிறகு என்னைப் பார்ப்பார். நான் என் அம்மாவின் நட்சத்திரத்தைச் சொல்வேன். நீண்ட ஆயுளும் தேக சுகமும் வேண்டி இரண்டு பேருக்கும் சேர்த்துச் செய்வார். "ரெண்டு அம்மாமாருக்கும் ஒரே தட்டுப் போதும். அவையள் ரெண்டு பேரும் இப்ப ஒரே மரத்துக்குக் கீழதானோ என்னவோ" என்பார்.

அந்தக் கோல் கந்தசஷ்டிக்கு இரண்டு நாள் இருக்கும்போது வந்தது. ஐயர் உள்ளே பூசையில் நின்றார். மணிச் சத்தத்தில் மறுமுனையில் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"நான் கொழும்பிலயிருந்து கதைக்கிறன். ஐயரின்ர அம்மா மோசம் போட்டா. காய்ச்சல். செத்து இண்டைக்கு அஞ்சாம் நாள். அவர் ஒரே பிள்ளை, பத்தாம் நாளுக்கு முதல் அவரிட்டச் சொல்லிப் போடுங்கோ. அங்க இருந்தாவது செய்ய வேண்டியதைச் செய்யட்டும்."

லைன் அறுந்துவிட்டது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கினேன், நெய் விட்டேன், மூடி எடுத்துக்கொண்டு போய் மூலஸ்தானப் படியில் வைத்தேன். திரை மூடியது. அன்று பருப்பில் உப்பே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஐயர் ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முழுவதையும் சாப்பிட்டார். கோல் ஏதும் வந்ததோ என்று கேட்டார். இல்லை என்றேன்.

அந்த முதல் "இல்லை"யை ஏன் சொன்னேன் என்று எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். சாப்பிடுகிற மனிதரிடம் சொல்ல வாய் வரவில்லை. சாப்பிட்டு முடியட்டும் என்றுதான் நினைத்தேன். கை கழுவப் போன இடைவெளியில் கோயில் சபைத் தலைவருக்குக் கோல் எடுத்தேன். அதுதான் நான் விட்ட பிழை. தலைவர் மிசிசாகாப் பக்கம் விமான நிலையத்தில் வேலை செய்தார். வேலையை விட்டு ஓடி வந்தார்.

செத்த வீட்டுத் துடக்கு என்கிற தீட்டு, சாவு நடந்த நேரத்தில் பிடிப்பதில்லை, காதில் விழுகிற நேரத்தில்தான் பிடிக்கும். கேட்காத வரைக்கும் அவர் சுத்தம், கோயில் சுத்தம், பூசை சுத்தம். கேட்டுவிட்டால் பத்து நாளைக்கு மூலஸ்தானத்துப் பக்கமே வரக் கூடாது. ஆனால் திருவிழாவுக்குக் கையில் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும் வரைக்கும் துடக்கு ஒட்டாது. இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"தம்பி, யோசியும்" என்றார் தலைவர். பின்கதவுக்கு வெளியே, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். "கேட்டால் அந்த நிமிசமே அவர் வெளிய போக வேணும். இந்தச் சஷ்டிக்கு நான் எங்க போய் ஐயர் பிடிக்கிறது? எல்லாக் கோயிலுக்கும் அதே சஷ்டிதானே. நாளையிண்டைக்குக் காப்புக் கட்டினால் பிறகு பிரச்சினை இல்லை. ரெண்டு நாள். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரும்."

"அவற்ற தாய் அண்ணை."

"எனக்குத் தெரியாதே? சொல்லாமலே விடப் போறம்?"

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவருடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கெட்ட மனிதன் என்றால் சண்டை பிடித்திருப்பேன், அது எனக்குக் கைவந்த கலை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. நானும் சஷ்டி விரதக்காரன். கோயில் பூட்டிக் கிடப்பதை என்னாலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாளும் அர்ச்சனைத் தட்டைப் பிடித்தேன். அவர் தன் அம்மாவின் நட்சத்திரத்தைச் சொன்னார். நீண்ட ஆயுள் வேண்டினார். தட்டுச் சரிந்து தேங்காய் உருண்டது. "விரதம் தொடங்க முதலே களைச்சுப் போனீங்கள்" என்று சிரித்தார்.

காப்புக் கட்டியாயிற்று. அன்றைக்கே தலைவரைப் பிடித்துக் கேட்டேன்.

"இப்ப சொல்லலாம்தானே அண்ணை?"

"இப்பவோ? ஆறு நாளும் பாலும் பழமுமாய் நிக்கிற மனுசன். கேட்டால் விழுந்து போவார். சூரன் போர் முடியட்டும். முடிஞ்சவுடன நானே சொல்லுறன்."

சாட்டுக்கா குறை? ஒன்று போனால் இன்னொன்று வந்தது. அந்த நாட்களில் நாங்கள் ஐயரிடம் காட்டிய அன்பு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. தலைவர் அவருக்குப் புது ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தார். நான் அவருடைய வேட்டியைத் தோய்த்துக் கொடுத்தேன், பாலை ஆற்றிக் கையில் கொடுத்தேன். அவர் எல்லாவற்றையும் சஷ்டியின் பேரில் போட்டுச் சந்தோசப்பட்டார். அவர் பட்டினி கிடப்பது தாய்க்குமாகவே இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன். மானங்கெட்ட சமாதானம்.

பத்தாம் நாள், சஷ்டியின் நாலாம் நாளில் வந்தது. அன்றைக்குச் சொல்லியே தீருவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவெடுத்தேன். மத்தியானப் புக்கையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஐயர் மூலஸ்தான வாசலில் தனியாக நின்றார்.

"ஐயா, ஒரு கதை கதைக்க வேணும்."

"நானும் ஒண்டு கேக்க வேணுமெண்டு இருந்தனான்" என்றார். "உந்தத் தலைவர் தந்த ஸ்வெட்டரை நான் போடேல்லை. அம்மாக்கு அனுப்பினால் என்ன? வன்னியில இப்ப மழை. கொழும்புக்கு ஆர் போகினம் எண்டு விசாரிச்சுச் சொல்லுறீங்களே?"

வெளியே மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. சனம் எழுந்து நின்றது. அவர் என் கையிலிருந்த பானையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், திரை மூடியது. நான் திரைக்கு வெளியே நின்று அழுதேன். பக்தி என்று நினைத்து ஒரு அன்ரி எனக்குத் திருநீறு பூசிவிட்டா.

சூரன் போர் முடிந்து, மறுநாள் காலைப் பூசையும் முடிந்து, ஐயர் காப்பை அவிழ்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். தலைவரும் வந்தார். நானே சொல்லுறன் என்ற மனிதர் வெள்ளிக்குடம், பூமாலை என்று எதையெதையோ கதைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் சொன்னேன். காய்ச்சல் என்றேன். கோல் வந்த நாளையும், அன்றைக்கு அது ஐந்தாம் நாள் என்பதையும் சொன்னேன்.

அவர் விரலின் கணுக்களில் எண்ணினார். பெருவிரல் பத்தில் நின்றது, பிறகு மெல்ல நகர்ந்து பதின்மூன்றில் முடிந்தது. அதற்குப் பிறகு பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். கேட்டுவிட்டார் அல்லவா, இனிக் கோயிலுக்குள் நிற்கக் கூடாது. அவருடைய அறையும் கோயிலுக்குள்தான். கார் தரிப்பிடத்தில், கார்த்திகைக் குளிரில், ஒற்றை வேட்டியோடு வெறுங்காலில் நின்றார். நான் கோட்டையும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். கையில் வாங்கவில்லை. கீழே வைக்கச் சொல்லிக் கைகாட்டினார். வைத்தேன்.

"கேட்ட நாளில இருந்துதான் கணக்கு. சாத்திரம் இடம் குடுக்குது" என்றார், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல. கோட்டைப் போட்டார். சப்பாத்துக்குள் காலை விட்டார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"தட்டுப் பிடிச்சது நீங்கள்தானே?"

"ஓம் ஐயா."

"ஒவ்வொரு நாளும்?"

"ஓம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திரும்பி நடந்தார். போக இடம் தெரியாமல் தரிப்பிடத்தின் விளிம்பு வரைக்கும் போய் நின்றார். வெக்ஸ்போர்ட்டில் இருந்த இன்னொரு ஐயர் காரோடு வரும்வரைக்கும் அப்படியே நின்றார். நான் பின்கதவில் நின்றேன். அதைத் தவிர எனக்குச் செய்ய எதுவும் இருக்கவில்லை. அவருடைய அறையில் அந்த ஸ்வெட்டர் கடதாசியில் சுற்றி, கயிறு கட்டி இருந்தது.

அடுத்த நாளிலிருந்து மிசிசாகாவிலிருந்து வேறொரு ஐயர் மத்தியானப் பூசைக்கு மட்டும் வந்து போனார். சமையல் வழக்கம்போல நடந்தது. மூன்றாம் நாள், நான் பானையை இறக்கும்போது தலைவர் வந்து, "விடும் தம்பி, பாரம்" என்று தானே தூக்கிக்கொண்டார். அவர் அடுப்படியில் பானை தூக்கி நான் கண்டதே இல்லை. "ஏதும் சாப்பிட்டனீரோ?" என்றும் கேட்டார். நான் சுவரில் தொங்கிய ரெலிபோனைப் பார்த்தேன்.

"அண்ணை, கோல் ஏதும் வந்ததோ?"

"இல்லைத் தம்பி."

நான் எப்படிச் சொன்னேனோ அதே மாதிரித்தான் சொன்னார். அதே இழுவை, அதே தணிந்த குரல். உண்மையாகவும் இருக்கலாம். உண்மை என்றாலும் அதை இப்படித்தான் சொல்வார். அவருடைய முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தும் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பூசை முடிந்தது. புது ஐயர் திரும்பி, அர்ச்சனைக்கு ஆர் என்று கேட்டார். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

"நட்சத்திரம்?"

பக்கத்தில் தலைவர் கும்பிட்டபடி நின்றார். அவருடைய கண் மூடியிருந்தது. நான் நட்சத்திரத்தைச் சொன்னேன். ஐயர் நீண்ட ஆயுள் வேண்டி மந்திரத்தைத் தொடங்கினார். தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.